பன்றிகளில் இரைப்பைப் புண்

பன்றிகளில் இரைப்பைப் புண் என்பது பண்ணைகளில் வளர்க்கப்படும் பன்றிகளின் இரைப்பையில், உணவுக்குழாய் வந்து சேரும் வாயிலைச் சுற்றியுள்ள பகுதியில் பெரும்பாலும் ஏற்படும் ஒரு நோயாகும். இது ஒரு குறிப்பிட்ட கிருமியால் மட்டும் உண்டாகும் தொற்றுநோய் அன்று. தீவனத்தின் தன்மை, தீவனம் கொடுக்கப்படும் முறை, நுண்ணுயிரிகள், வளர்ப்புச் சூழல் ஆகிய பல காரணிகள் சேர்ந்து இந்நோயை உருவாக்குகின்றன. இவற்றுள் முதன்மையானது தீவனமே ஆகும். குறிப்பாக, தானியம் எவ்வளவு நுண்மையாக அரைக்கப்பட்டுள்ளது என்பது இரைப்பையின் நலனைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

நுண்மையாக அரைக்கப்பட்ட தீவனம் எளிதில் செரிக்கிறது. ஆகவே குறைந்த தீவனத்தில் அதிக எடை கிடைக்கிறது. ஆனால் அதே நுண்மை இரைப்பையின் பாதுகாப்பைக் குலைத்துப் புண்ணுக்கு வழிவகுக்கிறது. தீவனச் சிக்கனத்திற்கும் விலங்கின் உடல்நலத்திற்கும் இடையிலான இம்முரண்பாடே இந்நோயைப் பற்றிய ஆய்வுகளின் மையமாக உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், பன்றிகளை அடைத்து வைத்து ஆலைத் தீவனம் கொடுத்து வளர்க்கும் முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியபோது இந்நோய் பரவலாக அறியப்பட்டது.

இரைப்பையின் அமைப்பு

பன்றி ஓர் அனைத்துண்ணி. மனிதரைப் போன்றே அதற்கும் ஓர் அறை கொண்ட எளிய இரைப்பையே உண்டு. வளர்ந்த பன்றியின் இரைப்பை ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் வரை கொள்ளளவு உடையது. இதன் உட்பரப்பை நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம்.

- உணவுக்குழாய்ப் பகுதி: உணவுக்குழாயின் வாயிலைச் சுற்றி ஏறத்தாழச் செவ்வக வடிவில் அமைந்த சிறிய வெண்ணிறப் பகுதி. இலத்தீனில் பார்சு ஈசோபேசியா எனப்படும். இங்கு சுரப்பிகள் இல்லை.
- இதயமுனைச் சுரப்பிப் பகுதி: சீதமும் பைகார்பனேட்டும் சுரக்கும் பகுதி. பன்றியில் இது மிகவும் பரந்தது.
- அடிக்குழிச் சுரப்பிப் பகுதி: ஐதரோகுளோரிக் அமிலமும், பெப்சின் நொதியின் முன்னோடியும் சுரக்கும் பகுதி.
- குடல்வாய்ப் பகுதி: சிறுகுடலை ஒட்டிய இறுதிப் பகுதி. இங்கும் சீதம் சுரக்கிறது.

சுரப்பிகள் உள்ள மூன்று பகுதிகளையும் சீதப்படலம் அமிலத்திலிருந்து காக்கின்றது. உணவுக்குழாய்ப் பகுதிக்கு இப்பாதுகாப்பு இல்லை. அது உணவுக்குழாயின் உட்புறத்தைப் போலவே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தட்டையான செல்களால் ஆனது. உராய்வைத் தாங்க வல்ல இத்திசுவால் அமிலத்தைத் தாங்க இயலாது. பன்றிகளில் காணப்படும் புண்களுள் மிகப் பெரும்பாலானவை இச்சிறு பகுதியிலேயே தோன்றுவதற்கு இதுவே காரணம். இவ்வகையில் இந்நோய், மனிதருக்குக் குடல்வாய் அருகே ஏற்படும் புண்ணைக் காட்டிலும், அமிலம் மேலெழுவதால் உணவுக்குழாயில் ஏற்படும் அழற்சியையே அதிகம் ஒத்துள்ளது.

புண் உருவாகும் முறை

பருமனான, நார் மிகுந்த உணவை உண்ட பன்றியின் இரைப்பையில் உணவு கெட்டியாகத் தங்குகிறது. அப்போது உணவுத்திரள் முழுவதும் ஒரே சீராகக் கலப்பதில்லை. புதிதாக விழுங்கிய உணவு உணவுக்குழாய்ப் பகுதியை ஒட்டி இருக்கும். உமிழ்நீர் கலந்த அவ்வுணவில் அமிலத்தன்மை குறைவு. குடல்வாயை நோக்கிச் செல்லச் செல்ல அமிலத்தன்மை மிகுந்து, பிஎச் மதிப்பு 2 முதல் 3 வரை தாழ்கிறது. இவ்வாறு அமிலம் மிகுந்த பகுதியும் பாதுகாப்பற்ற பகுதியும் உணவுத்திரளாலேயே பிரித்து வைக்கப்படுகின்றன.

மாவு போல் அரைத்த தீவனம் நீருடன் கலந்து கூழாகிவிடுகிறது. இரைப்பை சுருங்கி விரியும்போது இக்கூழ் முழுவதும் கலக்கப்படுகிறது. மேற்கூறிய பிரிவினை மறைந்து, அமிலம், பெப்சின், சில வேளைகளில் சிறுகுடலிலிருந்து பின்னோக்கி வரும் பித்தநீர் ஆகியவை உணவுக்குழாய்ப் பகுதியைத் தொடர்ந்து தாக்குகின்றன.

நொதித்தலும் இதில் பங்கு வகிக்கிறது. இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நொதிக்கச் செய்து இலாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. பிஎச் மதிப்பு தாழ்ந்த நிலையில் இவ்வலுக்குறைந்த அமிலங்கள் அயனிகளாகப் பிரியாமல் இருப்பதால், செல்களுக்குள் எளிதில் ஊடுருவுகின்றன. ஐதரோகுளோரிக் அமிலத்துடன் இவ்வமிலங்களும் சேரும்போது உணவுக்குழாய்ப் பகுதியின் திசு விரைவாகச் சிதைவதை, அமெரிக்காவின் வட கரோலினாவில் மேற்கொள்ளப்பட்டு 1996இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது.

நோயின் படிநிலைகள்

முதலில் வழுவழுப்பான வெண்ணிறப் பரப்பு தடித்து, சொரசொரப்பாகி, பித்தநீரின் சாயத்தால் மஞ்சள் நிறம் பெறுகிறது. அடுத்து அப்பரப்பில் வெடிப்புகள் தோன்றி மேற்படலம் உரிகிறது. அரிப்பு ஆழமாகி அடியிலுள்ள இரத்தக் குழாய்களை எட்டும்போது அது புண் எனப்படுகிறது. ஒரு பெரிய குழாய் அறுபட்டால் இரைப்பைக்குள் கடும் இரத்தப்போக்கு ஏற்படும். புண் ஆறி வடுவாகும்போது உணவுக்குழாயின் வாயில் சுருங்கிவிடுவதும் உண்டு.

இம்மாற்றங்கள் மிக விரைவானவை. உகந்த சூழல் அமைந்தால் தடித்த பரப்பு ஒரு நாளுக்குள் புண்ணாக மாறக்கூடும். அதே போல், தீவனம் திருத்தப்பட்டால் மேலோட்டமான காயங்கள் சில வாரங்களில் ஆறிவிடுவதும் உண்டு.

உணவுக் காரணிகள்

அரவையின் நுண்மை

பன்றிப் பண்ணையின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்திற்கே ஆகிறது. தானியத்தை நுண்மையாக அரைத்தால் செரிமான நொதிகள் செயற்படும் பரப்பு அதிகரிக்கிறது. துகளின் சராசரி விட்டம் 100 மைக்ரோமீட்டர் குறையும் ஒவ்வொரு முறையும் தீவனப் பயன்பாட்டுத் திறன் ஏறத்தாழ 1 விழுக்காடு அல்லது அதற்குச் சற்று மேல் உயர்கிறது எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆயிரக்கணக்கான பன்றிகள் உள்ள பண்ணைக்கு இது பெருந்தொகையாகும்.

அமெரிக்காவின் கன்சாசு மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு இம்முரண்பாட்டின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. மக்காச்சோளம் 1000, 800, 600, 400 மைக்ரோமீட்டர் என நான்கு அளவுகளில் அரைக்கப்பட்டு வளர்ந்துவரும் பன்றிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1000இலிருந்து 400 மைக்ரோமீட்டருக்கு வந்தபோது தீவனப் பயன்பாட்டுத் திறன் 8 விழுக்காடு உயர்ந்தது. அதே வேளையில் இரைப்பையில் தடிப்பும் புண்ணும் மிகுந்தன.

இதனால் 700 மைக்ரோமீட்டர் அளவு ஓர் இணக்கமான நிலையாக நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டு வந்துள்ளது. 500 மைக்ரோமீட்டருக்குக் கீழே செல்லும்போது ஆபத்து கூடுகிறது. சராசரி அளவு மட்டுமின்றித் துகள்களின் சீர்மையும் முக்கியமானது. சுத்தியல் வகை அரவை எந்திரம் தானியத்தை அடித்து நொறுக்குவதால் மாவுத்தூசி அதிகம் உண்டாகிறது. உருளை வகை எந்திரம் நசுக்கி உடைப்பதால் துகள்கள் ஓரளவு சீராகவும், தூசி குறைவாகவும் அமைகின்றன. சராசரி ஒன்றாகவே இருந்தாலும் தூசி மிகுந்த தீவனம் தீங்கு தரக்கூடியது.

குச்சித் தீவனம்

அரைத்த தீவனத்தை நீராவியால் பதப்படுத்தி, துளைகளின் வழியே அழுத்திச் செய்வது குச்சித் தீவனம் ஆகும். இது வீணாவது குறைவு. பன்றிகள் விரும்பி உண்ணும். மேற்கூறிய 1995ஆம் ஆண்டு ஆய்வில் குச்சித் தீவனம் உண்ட பன்றிகள் விரைவாக வளர்ந்தன. ஆனால் பல ஆய்வுகளில், அதே பொருள்களால் ஆன மாவுத் தீவனத்தைவிடக் குச்சித் தீவனம் அதிகப் புண்களை உண்டாக்கியுள்ளது. அழுத்தும்போது துகள்கள் மேலும் நொறுங்குவதும், வெப்பத்தால் மாவுச்சத்து இளகுவதும், இரைப்பையை அடைந்ததும் குச்சி உடனே கரைந்து கூழாவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. வெளியே பார்க்கக் கெட்டியாக இருக்கும் குச்சி இரைப்பைக்குள் மிக மெல்லிய மாவாகவே செயற்படுகிறது.

தானிய வகையும் நார்ப்பொருளும்

கோதுமையை மிகுதியாகக் கொண்ட தீவனத்தைவிட வாற்கோதுமை எனப்படும் பார்லியும் ஓட்சும் இரைப்பைக்கு உகந்தவை. இவ்விரண்டின் உமி நார்ச்சத்து மிகுந்தது. எனினும் நார்ப்பொருளின் அளவைக் காட்டிலும் அதன் பருமனே முக்கியம். ஓட்சு உமியை மாவாக அரைத்துச் சேர்ப்பதால் கிடைக்கும் பயன் சிறிது. பருமனாகச் சேர்த்தால் உணவுத்திரள் கெட்டிப்பட்டு, அதன் பிரிவினை காக்கப்படுகிறது.

வைக்கோலின் பயன் இக்கருத்தை நன்கு விளக்குகிறது. தீவனத்தில் எம்மாற்றமும் செய்யாமல், தரையில் வைக்கோல் பரப்பினாலே புண்கள் குறைகின்றன. பன்றிகள் அதைக் கிளறி மென்று விழுங்குவதே காரணம். டென்மார்க்கின் ஆர்ஃகூசு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பன்றி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வைக்கோல் பெற்றவற்றைவிட, 500 முதல் 1000 கிராம் வரை பெற்ற பன்றிகளில் இரைப்பைப் பாதிப்பு குறைவாகக் காணப்பட்டது.

பால்நீர்

ஐரோப்பாவில் பாலாடைக்கட்டி தயாரிக்கும்போது எஞ்சும் பால்நீரைப் பன்றிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இதிலுள்ள இலாக்டோசு இரைப்பையில் விரைந்து நொதிப்பதால், பால்நீரை மிகுதியாகக் கொடுக்கும் பண்ணைகளில் புண்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன.

தீவன இடைவெளி

தீவனம் எத்தகையது என்பதைப் போலவே, அது இடைவிடாது கிடைக்கிறதா என்பதும் முக்கியம். உணவு இல்லாத இரைப்பையில் அமிலத்தை ஏற்க எதுவும் இல்லாததால், நீர்மமான அமிலம் உணவுக்குழாய்ப் பகுதியை நேரடியாகத் தொடுகிறது. 24 மணி நேரம் பட்டினி கிடந்த பன்றிகளிலேயே காயங்கள் தோன்றுவது சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. இறைச்சிக்கூடத்திற்கு அனுப்பும் முன் தீவனத்தை நிறுத்துவது வழக்கம். இந்நேரம் நீள நீள இரைப்பையின் நிலை மோசமாகிறது.

தீவனம் தடைப்படுவதற்குப் பல காரணங்கள் உள்ளன. தீவனக் கலன் காலியாதல், எந்திரப் பழுது, குடிநீர்க் குழாய் அடைப்பு, கோடை வெப்பத்தால் பசி குறைதல் ஆகியவை அவற்றுட் சில. மிக நுண்மையான மாவு கலனுக்குள் கட்டிப்பட்டுக் கீழிறங்காமல் நின்றுவிடுவதும் உண்டு. இவ்வகையில் நுண்ணிய அரவை நேரடியாகவும் மறைமுகமாகவும் தீங்கு விளைவிக்கிறது.

பிற காரணிகள்

நிமோனியா போன்ற சுவாச நோய்களால் பசியிழந்த பன்றிகளில் புண் ஏற்படுவது அதிகம். அறிமுகமற்ற பன்றிகளை ஒன்றாக அடைத்தல், இட நெருக்கடி, வண்டியில் ஏற்றிச் செல்லுதல் ஆகியவையும் துணைக் காரணங்கள் ஆகும். வைட்டமின் ஈ, செலீனியம் ஆகியவற்றின் குறைபாடு ஒரு காலத்தில் முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. எனினும் இன்று துகளின் அளவுக்கும் தீவன இடைவெளிக்குமே அதிக முக்கியத்துவம் தரப்படுகிறது.

மனித இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே பெரும்பாலும் காரணம் என்பதை ஆத்திரேலியாவின் பாரி மார்சலும் ராபின் வாரனும் கண்டறிந்து, 2005ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். பன்றிகளிலும் இதே இனத்தைச் சேர்ந்த கிருமி உண்டா என்ற தேடலில், 1990இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பன்றி இரைப்பையில் திருகுச்சுருள் வடிவ நுண்ணுயிரி ஒன்றை விவரித்தனர். ஆய்வகத்தில் வளர்க்க மிகக் கடினமான இக்கிருமியைப் பெல்சியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழு 2008இல் தனித்து வளர்த்து விவரித்தது. இதன் பெயர் ஹெலிகோபாக்டர் சூயிசு. இது பன்றிகளிடையே பரவலாக உள்ளது, மனிதருக்கும் தொற்றக்கூடியது. ஆனால் இது வாழ்வது சுரப்பிகள் உள்ள பகுதிகளிலேயே ஆகும். அமிலச் சுரப்பை மாற்றுவதன் மூலம் இது உணவுக்குழாய்ப் பகுதியைப் பாதிக்கலாம் எனக் கருதப்படுகிறது. எனினும் இக்கிருமி இருக்கும் எல்லாப் பன்றிகளிலும் புண் தோன்றுவதில்லை.

அறிகுறிகள்

பாதிக்கப்பட்ட பன்றிகளுள் பெரும்பாலானவை வெளியே எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. நோய் வெளிப்படும்போது பின்வரும் வடிவங்களில் காணப்படும்.

- மிகக் கடுமையான நிலை: முதல் நாள் நன்றாக இருந்த பன்றி திடீரென இறந்து கிடக்கும். உடல் வெளிறி இருக்கும். இரைப்பை இரத்தத்தாலும் இரத்தக்கட்டிகளாலும் நிரம்பியிருக்கும்.
- கடுமையான நிலை: தோலும் கண் இமையின் உட்புறமும் வெளிறுதல், சோர்வு, மூச்சு வாங்குதல், பல்லைக் கடித்தல், தார் போன்ற கருநிறச் சாணம், சில வேளைகளில் இரத்த வாந்தி.
- நாட்பட்ட நிலை: இரத்தச்சோகை, பசியின்மை, எடை குறைதல், மலச்சிக்கல்.
- வாயில் சுருங்கிய நிலை: பன்றி ஆவலுடன் உண்ணும், உண்ட சற்று நேரத்தில் வெளியே கக்கிவிட்டு மீண்டும் உண்ணும். உடல் மெலிந்துகொண்டே வரும்.

வளரும் பருவப் பன்றிகளிலும், குட்டி ஈனும் காலத்தை ஒட்டிய தாய்ப்பன்றிகளிலும் இறப்பு அதிகம் நிகழ்கிறது.

கண்டறிதல்

உயிருள்ள பன்றியில் இந்நோயை உறுதிசெய்வது கடினம். சாணத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை, இரத்தச் சிவப்பணு அளவு ஆகியவை உதவலாம். உள்நோக்கியால் இரைப்பையைப் பார்க்க இயலும். ஆனால் அதற்குப் பன்றியைப் பட்டினி போட்டு மயக்கமூட்ட வேண்டியிருப்பதால் ஆய்வுகளிலேயே அது பெரிதும் பயன்படுகிறது. பன்றி வயிற்றுப்போக்கு, குடற்புழுக்கள், குடல் தடிப்பு நோய் ஆகியவற்றாலும் சாணத்தில் இரத்தம் காணப்படலாம் என்பதால் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

ஒரு பண்ணையின் உண்மை நிலையை அறியச் சிறந்த வழி, இறைச்சிக்கூடத்தில் இரைப்பைகளைத் திறந்து பார்ப்பதே ஆகும். இரைப்பையை அதன் பெரிய வளைவு நெடுகிலும் வெட்டி, கழுவி, உணவுக்குழாய்ப் பகுதிக்கு மதிப்பெண் இடுவர். டென்மார்க்கில் 0 முதல் 10 வரையிலான அளவுகோல் பயன்படுகிறது. இறைச்சிக்கூடங்களில் வழக்கமான ஆய்வின்போது இரைப்பை திறக்கப்படுவதில்லை. எனவே பல பண்ணையாளர்களுக்குத் தம் பன்றிகளின் பாதிப்பு தெரியாமலே போய்விடுகிறது.

சிகிச்சை

இரத்தப்போக்கு தொடங்கிய பின் சிகிச்சை அரிதாகவே பலன் தருகிறது. வெளிறிய பன்றியைத் தனியே பிரித்து, வைக்கோல் பரப்பிய அமைதியான இடத்தில் வைத்து, பருமனான நார்த்தீவனம் கொடுக்கலாம். கால்நடை மருத்துவர் இரும்புச்சத்து, வைட்டமின் கே ஆகியவற்றை ஊசி மூலம் செலுத்துவதுண்டு. மனிதருக்குப் பயன்படும் அமிலக் குறைப்பு மருந்துகள் ஒரு மந்தைக்கே கொடுக்க இயலாத அளவு செலவு மிக்கவை. வாயில் சுருங்கிய பன்றி தேறுவதில்லை. அதைத் துன்பமின்றிக் கொல்வதே பரிந்துரைக்கப்படுகிறது.

தடுப்பு

- அரைத்த தீவனத்தை அடுக்குச் சல்லடைகளால் சலித்துத் துகள்களின் அளவைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்தல்.
- அரவை எந்திரத்தின் சுத்தியல்களையும் சல்லடைகளையும் தேய்மானம் பார்த்து மாற்றுதல்.
- பாதிப்பு கண்ட மந்தைக்குச் சில வாரங்களேனும் பருமனான மாவுத் தீவனம் கொடுத்தல்.
- வாற்கோதுமை, ஓட்சு, பருமனான உமி ஆகியவற்றைத் தீவனத்தில் சேர்த்தல்.
- நாள்தோறும் வைக்கோல் அல்லது உலர்புல் கொடுத்தல்.
- தீவனமும் நீரும் இரவிலும் பகலிலும் தடையின்றிக் கிடைப்பதை உறுதிசெய்தல்.
- தீவனத்தைத் திடீரென மாற்றாமல் படிப்படியாக மாற்றுதல்.
- கோடையில் நிழலும் குளிர்ச்சியும் அளித்தல். சுவாச நோய்களைக் கட்டுப்படுத்துதல்.

பொருளாதாரமும் விலங்கு நலனும்

அரவையை நுண்மையாக்குவதால் கிடைக்கும் இலாபம் தீவனக் கணக்கில் உடனே தெரிகிறது. புண்ணால் ஏற்படும் இழப்போ பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது: காரணம் அறியப்படாத திடீர் இறப்பு, வளர்ச்சி குன்றிய சில பன்றிகள், ஈன்ற பின் இறக்கும் தாய்ப்பன்றி. எனவே இவ்வெதிர்விளைவு எளிதில் கவனத்திற்கு வருவதில்லை. மேலும், தானிய விலை உயரும்போது நுண்மையாக அரைக்கும் நாட்டமும் உயர்கிறது.

விலங்கு நலன் நோக்கிலும் இந்நோய் முக்கியத்துவம் பெறுகிறது. பன்றி இயல்பில் நாளின் பெரும்பகுதியை நிலத்தைக் கிளறி, சிறிது சிறிதாக உண்டு கழிக்கும் விலங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுப் பன்றி நல நெறிமுறை, பன்றிகளுக்கு வைக்கோல், உலர்புல், மரம் போன்ற கிளறத்தக்க பொருள்கள் எப்போதும் கிடைக்க வேண்டும் எனக் கூறுகிறது. சினைப் பன்றிகளுக்குப் போதிய அளவு நார் மிகுந்த அல்லது பருமனான உணவு அளிக்க வேண்டும் எனவும் அது விதிக்கிறது. பசியைத் தணிப்பதும் மெல்லும் தேவையை நிறைவு செய்வதுமே இவ்விதியின் நோக்கம். ஆயினும் வைக்கோல் சாணக் குழாய்களை அடைத்துக்கொள்வதால், துளைத்தரை அமைந்த கொட்டில்களில் அதை மிகுதியாகப் பயன்படுத்துவது கடினமாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

- பன்றி வளர்ப்பு
- இரைப்பை
- கால்நடைத் தீவனம்
- ஹெலிகோபாக்டர் பைலோரி
- விலங்கு நலன்